கேண்டால்ஃப் பதறினாரு, கலாட்ரியெல் சிரிச்சாங்க: ஒரே மோதிரம், ரெண்டு மறுப்பு

போன லீவுக்கு அக்கா பொண்ணு வந்திருந்தா, பதிமூணு வயசு, ரெண்டு பேரும் உக்காந்து லார்ட் ஆஃப் த ரிங்ஸ் முதல் படம் போட்டோம். ஃப்ரோடோ மோதிரத்தை நீட்டறான், மந்திரவாதி கேண்டால்ஃப் பதறிப்போய் பின்னாடி நகர்றாரு, உடனே இவ ரிமோட்டை எடுத்து பாஸ் பண்ணிட்டா. "சித்தி, இருக்கறதுலயே இவர்தானே நல்லவரு, பவரும் இவர்கிட்டதான் இருக்கு, இவரே வாங்கிக்கிட்டா கதை இங்கயே முடிஞ்சிருமே, எதுக்கு அந்தச் சின்ன ஆள் தலையில கட்டறாரு?"

நல்ல கேள்வி. அன்னைக்கு "அவருக்கு அது மேல பயம்டி"ன்னு ஒரே வரியில சொல்லிட்டு படத்தை ஓட விட்டுட்டேன், ஆனா அந்தப் பதில் எனக்கே ஒட்டல. ராத்திரி புக்கை எடுத்து அந்த சீனையும், அதுக்கு ஜோடியா பின்னாடி வர்ற இன்னொரு சீனையும் மறுபடி படிச்சேன். ஜோடின்னு ஏன் சொல்றேன்னா, அதே ஃப்ரோடோ அதே மோதிரத்தை இன்னொருத்தர்கிட்டயும் நீட்டறான், அவங்க பேரு கலாட்ரியெல். ரெண்டு பேருமே வேண்டாம்னுதான் சொல்றாங்க, ஆனா வேண்டாம்னு சொல்ற விதம் இருக்கே, மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதிகாரத்து மேல வர்ற சபலம்னா என்ன, அது ஆளை எந்த வழியா பிடிக்கும்னு யாராவது என்கிட்ட கேட்டா நான் இந்த ரெண்டு சீனைத்தான் காட்டுவேன்.

புக்கே தொடாதவங்களுக்காக கொஞ்சம் அடிப்படை. ஜே.ஆர்.ஆர். டோல்கீன், ஆக்ஸ்ஃபோர்ட்ல புரொஃபசரா இருந்தவரு, எழுதின கதை இது, 1954லயும் 1955லயும் மூணு பாகமா வந்துச்சு. கதைக்கு நடுவுல ஒரு மோதிரம். நிறைய பேர் அதைப் போட்டா ஆள் மறைஞ்சு போற மோதிரம்னு மட்டும் நினைச்சிட்டு இருக்காங்க, மறைய வைக்கிறது அதோட சில்லறை வேலை. சௌரான்னு ஒரு இருட்டு ராஜா, மத்த பவர் மோதிரங்களையும் அதைப் போட்டிருக்கறவங்களையும் தன் கைக்குள்ள வெச்சுக்கறதுக்காக எரிமலைத் தீயில ரகசியமா செஞ்சது. செய்யும்போது தன்னோட சக்தியில பெரும்பங்கை அதுக்குள்ள இறக்கிட்டான். அடுத்தவங்க மனசை வளைக்கணும், அடக்கி ஆளணும், அதுக்குன்னே பிறந்த பொருள். கத்தின்னா காய் நறுக்கவும் உதவும் ஆளைக் குத்தவும் உதவும், பிடிக்கிற கையைப் பொறுத்ததுன்னு சொல்லலாம். இந்த மோதிரத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது, யார் எந்த நல்ல எண்ணத்தோட போட்டாலும் அது ஒரே வேலையைத்தான் செய்யும்.

இன்னொரு விஷயம் இருக்கு, என் அக்கா பொண்ணு கேட்ட கேள்விக்குப் பாதி பதில் அதுலயே வந்துரும். இந்த மோதிரம் போடற ஆளோட அளவுக்குத் தகுந்த மாதிரிதான் பவர் குடுக்கும். ஃப்ரோடோ மாதிரி ஒரு ஹாபிட், அந்தக் குள்ள இனத்து ஆளு, போட்டா மறைஞ்சு போவான், அதோட சரி. கேண்டால்ஃப் போட்டா? நாடு நாடா அவர் சொல்லுக்கு ஆடும். அப்போ பலசாலியாப் பார்த்து குடுத்துரலாம்ங்கறது, தீப்பிடிச்ச கட்டையைக் கொண்டுபோய் வைக்கோல் போர்ல பத்திரமா வைக்கலாம்னு சொல்ற மாதிரி.

சரி, நல்லவருக்கு எதுக்கு சபலம் வரணும்? இங்கதான் நாம வழக்கமா யோசிக்கிற ரூட்டை விட்டு கொஞ்சம் விலகணும். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானான்னு சொல்லுவோம். அது தனக்குன்னு வர்ற ஆசையைப் பத்தின பேச்சு, காசு, சொகுசு, மாலை மரியாதை, சொந்தக்காரனுக்கு வேலை. அந்தத் தேன் மேல ஆசையே இல்லாத ஆள் ஒருத்தர் இருக்காருன்னு வெச்சுக்கோங்க, ஒரு பழைய தொப்பி, ஒரு கைத்தடி, ஊர் ஊரா நடை, சொந்த வீடு கிடையாது, பட்டம் பதவி எதுவும் வேணாம்ங்கறாரு. இவரை எதைக் காட்டி இழுப்பீங்க? டோல்கீன் அதுக்கு ஒரு பதில் வெச்சிருக்காரு, அதை முதல் தடவை படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இரக்கத்தைக் காட்டி இழுக்கலாம்.

அந்த சீனை கிட்டக்க போய் பார்ப்போம். ஏப்ரல் மாசத்துக் காலை வேளை, ஃப்ரோடோ வீடு, வெளிய தோட்டத்துல சாம் புல்லு வெட்டற கத்திரிச் சத்தம். கேண்டால்ஃப் சந்தேகப்பட்ட மோதிரம் இதுதானான்னு பார்க்கறதுக்காக ஜன்னல் கதவைச் சாத்தி திரையை இழுத்துவிட்டு, மோதிரத்தை கணப்பு நெருப்புல போட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு இடுக்கியால எடுத்து, அடுத்த நொடியே கையாலயும் எடுத்துட்டாரு, சூடே இல்ல, நெருப்பு எழுத்து மட்டும் மெல்ல மேல வருது. கவனிங்க, புக்ல அவர் அதைத் தொடறாரு. படத்துல தொட விட மாட்டாங்க, கை நீட்டின உடனே கண்ணு ஒண்ணு மின்னி மறையும். எனக்கு புக்ல இருக்கறதுதான் சரின்னு படுது, ஏன்னா தொட்டா ஒட்டிக்கும்ங்கறது இங்க பிரச்சனையே இல்ல. பரிசோதனை பண்றதுக்காகக் கையில எடுத்தாரு, திருப்பிக் குடுத்துட்டாரு, ஒண்ணும் ஆகல. இது என்ன மோதிரம்னு விளக்கம் எல்லாம் சொல்லி முடிச்சதுக்கு அப்புறம் ஃப்ரோடோ, நீங்கதான் அறிவாளி, சக்தியும் இருக்கு, நீங்களே வெச்சுக்கங்களேன்னு கேட்கறான். அந்த நொடி கேண்டால்ஃப் துள்ளி எழுந்துட்டாரு.

அவர் சொல்றதோட சாரம் இதுதான்: எனக்கு ஆசை காட்டாதே. அந்த மோதிரம் என் மனசுக்குள்ள வரணும்னா இரக்கத்தோட வழியாத்தான் வரும், எளியவங்க மேல இருக்கற இரக்கம், நல்லது செய்யறதுக்கு பலம் வேணும்ங்கற ஏக்கம். உபயோகிக்காம சும்மா பத்திரமா வெச்சிருக்கக்கூட எனக்குத் தைரியம் இல்ல. முன்னாடி பெரிய ஆபத்து நிறைய இருக்கு, எனக்கு அது தேவைப்படும், தேவைப்படும்போது பக்கத்துல இருந்தா எடுத்துருவேன்.

ஆசை காட்டாதேன்னு ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை சொல்றாரு. ஆசையே வராத ஆள் எதுக்கு அப்படிக் கெஞ்சணும்? அப்புறம் ஜன்னல் பக்கம் போய் திரையையும் கதவையும் திறந்து விடறாரு, வெயில் உள்ள வருது, வெளிய சாம் விசிலடிச்சிட்டு நடந்து போறான். எனக்கு இந்தப் புக்ல ரொம்பப் பிடிச்ச அசைவுகள்ல இது ஒண்ணு. இருட்டுல நடந்த பேச்சு முடிஞ்ச உடனே அவர் முதல்ல தேடினது வெளிச்சத்தையும், ஒரு சாதாரண தோட்டக்காரப் பையனோட விசில் சத்தத்தையும்.

ஒண்ணு கவனிச்சீங்களா, மோதிரம் கைக்கு வந்தா நான் என்ன செய்வேன்னு அவர் கற்பனையே பண்ணல. ராஜா ஆவேன், அதைச் செய்வேன், இதைத் திருத்துவேன்னு ஒரு வார்த்தை கிடையாது. வாசல்லயே கதவைச் சாத்திட்டாரு. உள்ள விட்டு உக்கார வெச்சு பேச ஆரம்பிச்சா தோத்துருவோம்னு அவருக்குத் தெரியும்.

எப்படித் தெரியும்னு கேட்டா அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. கேண்டால்ஃப் மனுஷன் கிடையாது, கடல் தாண்டி இருக்கற வாலினோர்ல இருந்து கிழவர் உடம்புல அனுப்பப்பட்ட அஞ்சு பேர்ல ஒருத்தர். சௌரானை எதிர்க்கறவங்களுக்கு தைரியம் குடுக்கறதுதான் இவங்க வேலை, அவனோட பலத்துக்குப் பலம் காட்டக்கூடாது, யாரையும் பயமுறுத்தியோ அடக்கியோ ஆளக்கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுத்தான் அனுப்பினாங்க. டோல்கீன் இறந்ததுக்கு அப்புறம் 1980ல வெளிவந்த அவரோட குறிப்புகள்ல ஒரு சின்ன இடம் வருது. கேண்டால்ஃபோட பழைய பேரு ஓலோரின், அவரைப் போகச் சொன்னப்போ நான் பலவீனமானவன், எனக்கு சௌரானைப் பார்த்தா பயமா இருக்குன்னு சொல்றாரு. அதுக்கு மான்வே, அங்க எல்லாருக்கும் தலைவரு, அப்போ நீதான் கண்டிப்பா போகணும்னு சொல்றாரு. தன் பலவீனத்தை கூச்சமில்லாம சொல்லத் தெரிஞ்ச ஆளைத் தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்காங்க. ஃப்ரோடோ வீட்டுல துள்ளி எழுந்தது அதே ஓலோரின்தான்.

அதே அஞ்சு பேருக்குத் தலைவரா வந்தவரு சாருமான். அவர் கேண்டால்ஃபை தன் பக்கம் இழுக்கப் பேசற பேச்சைப் படிச்சா உங்களுக்கு வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். ஞானிகளுக்கு மட்டும் புரியற நன்மைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்காக எல்லாத்தையும் நம்ம இஷ்டப்படி ஒழுங்குபடுத்தற சக்தி நமக்கு வேணும்ங்கறாரு. அவரும் நல்லது செய்யறதைப் பத்தித்தான் பேசறாரு! மோதிரம் கண்ணுல படறதுக்கு முன்னாடியே விழுந்துட்டாரு. கேண்டால்ஃபுக்கு இருந்த பயம் அவருக்கு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேண்டால்ஃப் ஒருவேளை வாங்கியிருந்தா? 1963ல ஒரு வாசகருக்கு எழுதின கடிதத்துல டோல்கீன் இதை யோசிச்சுப் பார்த்திருக்காரு. மோதிரத்தோட கேண்டால்ஃப், சௌரானை விட மோசமா இருந்திருப்பாருன்னு எழுதறாரு. நியாயவானாத்தான் இருந்திருப்பாரு, ஆனா நான் செய்யறதுதான் நியாயம்ங்கற நியாயவான். சௌரான் கெட்டது செஞ்சான், அதனால நல்லது எதுன்னு தனியா கண்ணுக்குத் தெரிஞ்சுது. கேண்டால்ஃப் ஆண்டிருந்தா நல்லதுங்கற வார்த்தையைக் கேட்டாலே ஜனங்களுக்கு வெறுப்பு வந்திருக்கும். இந்த வரியை நான் நாலஞ்சு நாள் மனசுல போட்டு உருட்டிட்டு இருந்தேன். அக்கா பொண்ணுக்கு நான் இதைச் சொன்னப்போ, "எங்க பழைய கிளாஸ் மிஸ் மாதிரியா?"ன்னு கேட்டா, எங்களுக்கு நல்லதுக்குன்னே எல்லாத்தையும் பிடுங்கி வெச்சுக்குவாங்கன்னு. கரெக்டா பிடிச்சிட்டா.

இப்போ கலாட்ரியெல் கிட்ட வருவோம், எனக்கு மனசு அதிகமா போற இடம் இதுதான்.

இவங்க எல்ஃப் இனத்துப் பெண், வயசு ஆயிரக்கணக்குல. வாலினோர்லயே பிறந்து வளர்ந்து, அங்க இருந்து கிளம்பி, இந்தக் கதை நடக்கற நிலமான மிடில் எர்த்துக்கு வந்தவங்க. எதுக்கு வந்தாங்க? தனக்குன்னு ஒரு நாடு வேணும், அதைத் தன் விருப்பப்படி ஆளணும்னு இளவயசுலயே அவங்களுக்கு ஆசை இருந்துச்சுன்னு டோல்கீன் எழுதியிருக்காரு. கேண்டால்ஃப் அனுப்பப்பட்டு வந்தவரு, இவங்க ஆசைப்பட்டு வந்தவங்க. இதை மனசுல வெச்சுக்கோங்க.

அந்த நாடு கடைசியா கிடைச்சுது, லோரியன்னு பேரு. அங்க மல்லோர்ன்னு ஒரு மரம், வெள்ளி நிற அடிமரம், பொன் நிற இலை, குளிர்காலத்துல கூட அந்த இலை உதிராது, வசந்தத்துலதான் உதிரும். வெளிய உலகம் தேய்ஞ்சு பழசாகிட்டு இருக்க, உள்ள மட்டும் காலம் நின்ன மாதிரி. இதுக்குக் காரணம் அவங்க விரல்ல இருக்கற நென்யாங்கற மோதிரம், எல்ஃபுங்ககிட்ட இருந்த மூணுல ஒண்ணு. இது சௌரான் கை படாதது, சேர்த்து வைக்க, காப்பாத்த, ஆற வைக்க உதவற மோதிரம். ஆனா இதோட உயிர் அந்தப் பெரிய மோதிரத்தோட உயிர்ல மாட்டிக்கிட்டு இருக்கு. பெரிய மோதிரம் அழிஞ்சா இதுவும் சக்தி இழந்துரும், லோரியன் வாடிப் போகும். அழியாம சௌரான் கைக்குப் போயிட்டா, அவன் நேரா இங்க வந்துருவான். ரெண்டு பக்கமும் நஷ்டம். கலாட்ரியெல் வாயாலயே இதை ஃப்ரோடோகிட்ட சொல்றாங்க.

நஷ்டமே இல்லாம ஒரே ஒரு வழி இருக்கு. அந்த மோதிரத்தை அவங்களே எடுத்துக்கறது. அப்படி ஒரு நிலைமையில இருக்கறவங்க முன்னாடி, கேட்டா தர்றேன்னு ஒரு பையன் வந்து நிக்கிறான்.

எப்போ நிக்கிறான்னும் பாருங்க. கேண்டால்ஃப் மோரியா சுரங்கத்துல விழுந்துட்டாரு, செத்துட்டாருன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. வழிகாட்டி போயாச்சு, ஃப்ரோடோவுக்கு அந்தப் பாரம் தாங்கல. தோட்டத்துல பள்ளமான ஒரு இடம், பீடத்து மேல அகலமான வெள்ளிப் பாத்திரம், ஓடைத் தண்ணியை ஊத்தி மூச்சு விட்டாங்கன்னா அது கண்ணாடியா மாறி என்னென்னமோ காட்டும். அதுல சௌரானோட கண்ணைப் பார்த்துட்டு நடுங்கிப் போய் நிக்கறப்போதான், உங்களுக்கு பயம் இல்ல, அறிவு இருக்கு, நீங்க கேட்டா தந்துடறேன்ங்கறான்.

கலாட்ரியெல் சிரிக்கிறாங்க. கேண்டால்ஃப் துள்ளினாரு, இவங்க சிரிக்கிறாங்க! முதல் நாள் இந்தக் கூட்டம் வந்தப்போ ஒவ்வொருத்தர் மனசையும் கண்ணால துழாவி, நீ ரொம்ப ஆசைப்படறது ஒண்ணு, முன்னாடி இருக்கற இருட்டு ஒண்ணு, எது வேணும்ங்கற மாதிரி சோதிச்சவங்க அவங்க. நான் உன்னை சோதிச்சதுக்கு நீ மரியாதையா பழி வாங்கிட்டன்னு சொல்றாங்க. அப்புறம் சொல்றாங்க பாருங்க, கேண்டால்ஃப் வாயில இருந்து வரவே வராத ஒரு உண்மை. இதைக் கேட்கணும்னு என் மனசு ரொம்பவே ஆசைப்பட்டுச்சு, அந்த மோதிரம் என் கைக்கு வந்தா என்ன செய்யலாம்னு வருஷக்கணக்கா யோசிச்சு வெச்சிருக்கேன்.

யோசிச்சதை முழுசா சொல்லியும் காட்டறாங்க. இருட்டு ராஜாவுக்குப் பதில் ஒரு ராணி. இருட்டா இருக்க மாட்டேன், விடியலும் ராத்திரியும் மாதிரி அழகா, பயங்கரமா இருப்பேன், எல்லாரும் என்னை நேசிப்பாங்க, நேசிச்சே நம்பிக்கை இழப்பாங்க. சொல்லிட்டே கையைத் தூக்கறாங்க, விரல்ல இருக்கற நென்யாவுல இருந்து ஒரு பெரிய வெளிச்சம் வந்து அவங்க மேல மட்டும் விழுது, சுத்தி இருக்கற எல்லாம் இருட்டாயிடுது. படத்துல இந்த இடத்துல குரலை மாத்தி, பச்சையா நீலமா பேய் மாதிரி காட்டியிருப்பாங்க, கேட் பிளான்செட் நல்லாவே பண்ணியிருக்காங்க, ஆனா எனக்கு புக்ல இருக்கறதுதான் பயமா இருக்கு. பேயாத் தெரிஞ்சா யாரும் ஓடிருவாங்க. இங்க அவங்க அழகாத் தெரியறாங்க, வெளிச்சம் அவங்ககிட்ட மட்டும் இருக்கு, மத்தவங்களுக்கு இல்ல. அதிகாரத்தை இதுக்கு மேல ஒரு படமா வரைய முடியுமான்னு தெரியல.

அடுத்த நொடி கை இறங்குது. வெளிச்சம் போச்சு. மறுபடி சிரிக்கிறாங்க, இப்போ அங்க நிக்கறது வெள்ளைத் துணி உடுத்தின ஒரு ஒல்லியான பொண்ணு, குரல்ல மென்மையும் சோகமும். சோதனையில ஜெயிச்சுட்டேன், நான் சின்னதாகி கடல் தாண்டி மேற்கு பக்கம் போயிருவேன், கலாட்ரியெல்லாவே இருப்பேன்ங்கறாங்க. கடைசி வார்த்தையைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தேன். மோதிரம் எடுத்தா ராணி கிடைப்பாங்க, கலாட்ரியெல் இருக்க மாட்டாங்க.

சில பேர் இந்த சீனைப் பார்த்துட்டு, கேண்டால்ஃப்தான் ஸ்ட்ராங், கலாட்ரியெல் கொஞ்ச நேரம் தடுமாறிட்டாங்கன்னு சொல்றதைக் கேட்டிருக்கேன். எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. ஆசை வர்றது தோல்வின்னா அப்புறம் ஆசையே வராத ஆள்தான் பெரிய ஆளு. கதையில அப்படியும் ஒருத்தர் இருக்காரு, டாம் பாம்படில். மோதிரத்தை வாங்கி கண்ணு பக்கத்துல வெச்சுப் பார்த்து சிரிக்கிறாரு, விரல் நுனியில போட்டும் மறையல, மேல சுண்டி விட்டு திருப்பிக் குடுத்துடறாரு. அவருக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். பார்க்க சந்தோஷமா இருக்கு, ஆனா அவர் எதையும் விட்டுக்குடுத்ததா நாம சொல்ல மாட்டோம்ல. பசியே இல்லாதவன் சாப்பாட்டை வேணாம்ங்கறது விரதம் ஆகுமா? கலாட்ரியெல்லுக்கு வருஷக்கணக்குல பசி, இலை போட்டு பரிமாறியாச்சு, எழுந்து கை கழுவிட்டாங்க.

அதே மாதிரி மன உறுதி இருந்தா போதும்னும் நினைச்சுக்காதீங்க. கடைசியில மோதிரத்தை அழிக்கப் போன எரிமலை விளிம்புல ஃப்ரோடோவால மோதிரத்தைத் தூக்கிப் போட முடியல, இது என்னோடதுன்னு விரல்ல மாட்டிக்கிட்டான். மாசக்கணக்குல சுமந்து, பட்டினி கிடந்து, உடம்பும் மனசும் ஓய்ஞ்சு போன ஒருத்தன், அந்த இடத்துல அவனால மட்டும் இல்ல, யாராலயும் முடிஞ்சிருக்காதுன்னு டோல்கீன் அதே 1963 கடிதத்துல ஃப்ரோடோ பக்கம் நின்னு எழுதறாரு. அதனாலதான் நம்ம ரெண்டு பேரும் மறுத்த நேரம் முக்கியமாகுது. கைக்கு வர்றதுக்கு முன்னாடி மறுத்தாங்க. வாங்கி ஒரு மாசம் வெச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்ங்கறதுக்கு இதுல இடமே இல்ல.

படத்துல கலாட்ரியெல் சீன்ல விட்டுப்போன ஒரு ஆள் இருக்கான், சாம். புக்ல கண்ணாடித் தோட்டத்துல அவனும் நிக்கிறான். தண்ணியில அவன் பார்த்தது தன் ஊர்ல மரம் எல்லாம் வெட்டறாங்க, வயசான அப்பா சட்டி பெட்டியை தள்ளுவண்டியில வெச்சு தள்ளிக்கிட்டு வீட்டை விட்டு வர்றாரு. அவன் வெள்ளந்தியா கேட்கறான், நீங்க மோதிரத்தை வாங்கிக்கக்கூடாதா, எல்லாத்தையும் சரி பண்ணிருவீங்களே, எங்கப்பாவை வெளிய தள்ளறவங்களை தடுப்பீங்களே, அக்கிரமம் பண்றவனுங்களுக்கு பாடம் சொல்லிக் குடுப்பீங்களேன்னு. கலாட்ரியெல் பொய் சொல்லல. ஆமா, செய்வேன், அப்படித்தான் ஆரம்பிக்கும், ஆனா அதோட நிக்காதுங்கறாங்க.

இந்த வரி எனக்குப் புரிஞ்சது புக்ல இல்ல. எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு வருஷம் நான் செகரட்டரியா இருந்தேன். யாரோ தினமும் மாடிப்படி திருப்பத்துல குப்பைப் பையை வெச்சுட்டுப் போவாங்க, நாய் கிழிச்சு படி பூரா இறைஞ்சு கிடக்கும், மூணாவது மாடி பாட்டி அதுல வழுக்கி விழப் பார்த்தாங்க. சிசிடிவி பாஸ்வேர்டு என்கிட்ட இருந்துச்சு. ரெண்டே நாள்ல ஆள் யாருன்னு பார்த்து, தனியா கூப்பிட்டு பேசி நிறுத்திட்டேன், எல்லாரும் தேங்க்ஸ் சொன்னாங்க. அதோட மூடி வெச்சிருக்கணும். அடுத்து வண்டியைக் குறுக்கால நிறுத்தறது யாருன்னு பார்த்தேன், அப்புறம் பெருக்க வர்ற அக்கா எத்தனை மணிக்கு வர்றாங்கன்னு பார்த்தேன், ஒரு நாள் எதிர் பிளாக் பொண்ணு ராத்திரி பதினோரு மணிக்கு யார் பைக்ல வந்து இறங்குதுன்னு பார்த்துட்டு அவங்க அம்மாகிட்ட சொல்லலாமான்னு யோசிச்சிட்டு உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணோட நல்லதுக்குத்தான்னு நிஜமாவே நம்பினேன். எந்த இடத்துல கோட்டைத் தாண்டினேன்னு இப்போ திரும்பிப் பார்த்தாலும் எனக்குத் தெரியல, ஒவ்வொரு படியும் முந்தின படியை விட ஒரு இன்ச்தான் உயரம். மறுநாள் பொருளாளரை வரச் சொல்லி பாஸ்வேர்டை அவங்களையே மாத்திக்கச் சொல்லிட்டேன், எனக்கு சொல்ல வேண்டாம்னும் சொல்லிட்டேன். உபயோகிக்காம பத்திரமா வெச்சிருக்கக்கூட தைரியம் இல்லன்னு கேண்டால்ஃப் சொன்னாரே, அதுக்கு அர்த்தம் அன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு.

அப்போ ரெண்டு பேரும் எங்க வேறுபடறாங்க? கேண்டால்ஃபை மோதிரம் பிடிக்கிற வழி இரக்கம், யாரோ கஷ்டப்படறதைப் பார்க்க முடியாத மனசு. கலாட்ரியெல்லைப் பிடிக்கிற வழி அவங்க கட்டி வளர்த்தது மேல இருக்கற பாசம், அதோட அடியில ஆளணும்ங்கற அந்தப் பழைய ஆசை. அவர் தன்னை நம்பாததால கதவைத் திறக்கவே இல்ல. அவங்க திறந்து, உள்ள விட்டு, முகத்தை முழுசா பார்த்துட்டு, வெளிய அனுப்பினாங்க. எல்லாரும் கலாட்ரியெல் மாதிரி செய்யலாம்னு நினைச்சா வம்பு, அவங்க அத்தனை காலம் யோசிச்சு யோசிச்சு அந்த ஆசையோட மூலை முடுக்கெல்லாம் தெரிஞ்சு வெச்சிருந்ததாலதான் அது முடிஞ்சுது. எனக்கு சொல்லச் சொன்னா, புதுசா ஒரு பதவி கைக்கு வர்றவங்களுக்கு கேண்டால்ஃப் வழி, ரொம்ப நாளா ஒண்ணு மேல ஆசைப்பட்டுட்டு இருக்கறவங்களுக்கு கலாட்ரியெல் வழி. ஆசையை ஒளிச்சு வெச்சா அது ஒரு நாள் கேட்காமலே வெளிய வந்துரும்.

விலையும் வேற. கேண்டால்ஃப் மறுத்ததால அவருக்கு சொந்தமா எதுவும் போகல, வேலை முடிஞ்சா ஊருக்குத் திரும்பற ஆளு. அவர்கிட்டயும் அந்த மூணுல ஒண்ணு இருந்துச்சு, நார்யா, நெருப்பு மோதிரம், மிடில் எர்த் கரையில வந்து இறங்கினப்போ துறைமுகத்து கிர்டான் ரகசியமா குடுத்தது, குளிர்ந்து போன மனசுகளைச் சூடாக்க உதவட்டும்னு. அது அணைஞ்சாலும் அவர் செஞ்ச வேலை நிலைச்சு நின்னுது. கலாட்ரியெல் மறுத்த அந்த நொடியே லோரியனுக்குத் தேதி குறிச்ச மாதிரி. தன் வீட்டை இடிக்கக் கையெழுத்து போட்டுட்டு அந்த வீட்டுத் தோட்டத்துலயே நின்னு சிரிக்கிறது லேசுப்பட்ட காரியமா?

இதையெல்லாம் நான் சொல்லி முடிச்சப்போ அக்கா பொண்ணு கேட்டா, "சரி சித்தி, அப்போ சாம் அப்பாவுக்கு யார்தான் ஹெல்ப் பண்ணாங்க?"

யோசிச்சுப் பார்த்தா ரெண்டு பேருமே பண்ணாங்க. மோதிரம் அழிஞ்சு, போர் முடிஞ்சு ஹாபிட் நாலு பேரும் ஊர் திரும்பறாங்க, கேண்டால்ஃபும் கூட வர்றாரு, முன்னை விட பல மடங்கு சக்தியோட. அவங்க ஊரான ஷையர்ல ஏதோ தப்பு நடக்குதுன்னு அவருக்கும் தெரியும். ஆனா எல்லைக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னு, நான் வரல, உங்க ஊரை நீங்களே சரி பண்ணிக்கணும், அதுக்குத்தான் உங்களைப் பழக்கியிருக்குன்னு சொல்லிட்டு பாம்படில்கிட்ட பேசப் போயிடறாரு. அவங்களே போய் ஊரைத் திரட்டி, வந்து உக்காந்திருந்த ரவுடிகளை விரட்டினாங்க. வெட்டின மரம் மட்டும் வெட்டினதுதான்.

அங்க கலாட்ரியெல் வர்றாங்க. லோரியனை விட்டுக் கிளம்பற அன்னைக்கு எல்லாருக்கும் பரிசு குடுத்தாங்க, தோட்டக்காரனான சாமுக்கு ஒரு சின்ன மரப்பெட்டி, மூடி மேல வெள்ளியில ஒரு எழுத்து. உள்ள அவங்க தோட்டத்து மண்ணு. இது வழியில உன்னைக் காப்பாத்தாது, ஆபத்துலயும் உதவாது, பத்திரமா வெச்சிருந்து ஊர் போய்ச் சேர்ந்தா, எல்லாம் பாழாக் கிடந்தாலும் உன் தோட்டம் மாதிரி பூக்கற தோட்டம் குறைவாத்தான் இருக்கும்னு சொல்லிக் குடுத்தாங்க. சாம் அந்த மண்ணை ஒரே இடத்துல கொட்டல, மரம் வெட்டின இடத்துக்கெல்லாம் நடந்து போய் புதுக் கன்னு நட்டு, ஒவ்வொண்ணோட வேர்லயும் ஒரு துளி வெச்சான். பெட்டிக்குள்ள வெள்ளித் தோல் போட்ட ஒரு கொட்டையும் இருந்துச்சு, அதை ஃப்ரோடோவை வளர்த்த பில்போவோட பிறந்தநாள் விருந்து நடந்த மைதானத்துல, பழைய மரத்தை வெட்டிப் போட்டிருந்த இடத்துல நட்டான். ஏப்ரல் மாசம் அது பொன் நிறத்துல பூத்துச்சு. மலைக்கு மேற்கால, கடலுக்குக் கிழக்கால இருந்த ஒரே மல்லோர்ன் மரம் அதுதான்.